வாழ்த்து அட்டைக் காசும் வைத்தியம் படித்த பெண்களும்



நூற்றாண்டு மலருக்குப் படங்கள் தேடிச் சங்கத்தின் பழைய அலுமாரியைத் திறந்தபோது, கூட்ட அறிக்கைப் புத்தகங்களுக்கு அடியில் ஒரு பிஸ்கற் தகரம் கிடைத்தது. உள்ளே விற்காமல் மிஞ்சிய வாழ்த்து அட்டைகள். சில நோன்புப் பெருநாளுக்கு, சில ஹஜ்ஜுப் பெருநாளுக்கு, சில நத்தாருக்கு, சில பொங்கலுக்கு. எல்லாம் கையால் செய்தவை. மருதமுனைத் தறிகளில் மிஞ்சிய துணித் துண்டுகளைப் பிறையாகவும் நட்சத்திரமாகவும் பானையாகவும் வெட்டிக் கடுதாசி மட்டையில் ஒட்டியிருந்தோம். பசை காய்ந்து பல துண்டுகள் உதிர்ந்துவிட்டன. நிறம் மட்டும் மங்கவில்லை.

அட்டைகளோடு ஒரு சீ.ஆர். கொப்பியும் இருந்தது. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. வரவு எல்லாம் சில்லறை. செலவுப் பக்கத்தை வாசித்தபோதுதான் எங்கள் பேச்சு நின்றது. பேராதனை மருத்துவ பீடத்துக்குப் போன ஒரு பிள்ளைக்குப் புத்தகக் காசு. தாதியர் பயிற்சிக்குத் தெரிவான ஒரு பிள்ளைக்கு வெள்ளைச் சப்பாத்து. குழந்தைகள் கிளினிக்குக்கு ஒரு நிறுவைத் தராசு. பெயர்கள் எழுதப்படவில்லை. உதவி பெற்றவரின் பெயரை எழுதக்கூடாது என்பது அந்நாளைய செயற்குழுவின் முடிவு.

மலர்க் குழு எங்களிடம் கேட்டது சங்கத்தின் சேவைகள் பற்றி இரண்டு பக்கம். அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு வேறொன்றை எழுதத் தோன்றியது. பண்டிகை வாழ்த்தை விற்று வைத்தியத்துக்குக் காசு சேர்க்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? பெண்கள் ஏன் இதை இவ்வளவு விருப்பத்தோடு செய்தார்கள்? தேடிப் பார்த்ததில், எங்கள் கொப்பிக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பது தெரிந்தது.

முதல் அட்டையும் முதல் ஒட்டு முத்திரையும்

1840 இல் இங்கிலாந்தில் ஒரு பென்னி முத்திரை வந்தது. நாட்டுக்குள் தூரம் எதுவானாலும் ஒரு பென்னிக்குக் கடிதம் போகும் என்றான பிறகுதான் சாதாரண மக்கள் தபாலைத் தங்களுக்குரியதாக நினைத்தார்கள். அந்தத் தபால் சீர்திருத்தத்தில் பங்குகொண்ட ஹென்றி கோல் என்பவர், 1843 இல் ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு நத்தார் அட்டை வரைவித்து, ஒரு சிலிங்குக்கு விற்றார். விற்பனைக்கு வந்த முதல் நத்தார் அட்டை அதுதான் என்பார்கள். நடுவில் ஒரு குடும்பம் விருந்துண்கிறது. இரு ஓரங்களிலும் பசித்தவருக்கு உணவும் ஆடையில்லாதவருக்கு உடையும் கொடுக்கும் காட்சிகள். ஆக, முதல் அட்டையிலேயே வாழ்த்தோடு தர்மமும் வரையப்பட்டிருந்தது. ஆனால் அட்டை விற்ற காசு தர்மத்துக்குப் போக இன்னும் அறுபது ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

அதைச் செய்தவர் டென்மார்க்கில் தபாற் கந்தோர் ஊழியராக இருந்த ஐனார் ஹோல்போல். பண்டிகைக் காலத்தில் குவியும் கடிதங்களுக்கு முத்திரை குத்திக் கொண்டிருந்தவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் தபால் முத்திரைக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு ஒட்டு முத்திரை இருந்து, அதன் காசு நோயாளிப் பிள்ளைகளுக்குப் போனால் என்ன? 1904 நத்தாருக்கு அந்த முத்திரை வெளிவந்தது. முதல் ஆண்டிலேயே நாற்பது இலட்சத்துக்கு மேல் விற்றது. சேர்ந்த காசில் காசநோய்ப் பிள்ளைகளுக்காகக் கோல்டிங் என்ற ஊரில் ஒரு சுகநிலையம் எழுந்தது.

காசநோயை எங்கள் மூத்தம்மாமார் சயரோகம் என்பார்கள். அந்தச் சொல்லைக்கூட உரக்கச் சொல்லமாட்டார்கள். மருந்து இல்லாத காலம் அது. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு என்பவைதான் சிகிச்சை. அவை மூன்றும் ஏழைக்குக் கிடைக்காதவை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1907 இல், அமெரிக்காவின் டெலவெயார் மாநிலத்தில் எமிலி பிசெல் என்ற பெண் அந்த யோசனையைக் கையில் எடுத்தார். பிராண்டிவைன் ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிறிய காசநோய் நிலையம் முந்நூறு டொலர் இல்லாமல் மூடப்படும் நிலையில் இருந்தது. அதன் வைத்தியர் எமிலியின் உறவினர். எமிலி தானே ஒரு முத்திரையை வரைந்து, அச்சடித்து, வில்மிங்டன் தபாற் கந்தோரில் மேசை போட்டு, ஒரு சதத்துக்கு ஒன்றாக விற்றார். முதலில் விற்பனை மந்தம். பிலடெல்பியாப் பத்திரிகையொன்று கைகொடுத்த பிறகு நிலைமை மாறியது. கேட்டது முந்நூறு, கிடைத்தது மூவாயிரம். இந்தியாவில் காசநோய்ச் சங்கம் 1950 ஒக்டோபர் 2 இல் தன் முத்திரை விற்பனையைத் தொடங்கியது. இலங்கையிலும் காசநோய்த் தடுப்புக்கான முத்திரைகள் வெளிவந்தன.

யுனிசெப் அட்டையின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செக்கோஸ்லோவாக்கியாவில் ருடோல்போ என்ற கிராமத்துக்கு அந்த நிறுவனத்தின் உதவி போனது. யிட்கா என்ற ஏழு வயதுச் சிறுமி நன்றியாக ஒரு படம் வரைந்தாள். கடதாசி கிடைக்காத காலமாதலால் கண்ணாடித் துண்டில் வரைந்தாள். கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஆடும் படம். 1949 இல் அதுவே யுனிசெப்பின் முதல் வாழ்த்து அட்டையாயிற்று. உதவி பெற்ற பிள்ளையின் கை, அடுத்த பிள்ளைக்கு உதவி தேடித் தந்தது.

திண்டிவனத்தில் ஓர் இரவு

இதுவரை சொன்னவை நோய்க்காகச் சேர்த்த காசின் கதைகள். வைத்தியம் படிக்கப் போன பெண்களின் கதை எங்கள் பக்கத்துத் தமிழ் நாட்டில் தொடங்குகிறது. அதில் எங்கள் போன்ற ஒரு வீட்டுப் பெண்ணும் இருக்கிறாள்.

ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க வைத்தியர் 1819 இன் கடைசியில் இலங்கை வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். பின்னர் குடும்பம் சென்னைப் பக்கம் போயிற்று. அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் 1870 இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்றிருந்த தாயைப் பார்ப்பதற்காகத் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். வைத்தியம் படிக்கும் எண்ணமோ, இந்தியாவில் தங்கும் எண்ணமோ அவருக்கு இருக்கவில்லை.

ஓர் இரவு மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறொரு இந்து. மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். என் தகப்பனார் வைத்தியர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. மூவரும் மறுத்தார்கள். அந்நிய ஆண் எங்கள் பெண்ணைப் பார்க்கக்கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். நான் வைத்தியம் படித்தவள் அல்ல என்றார் ஐடா. அவர்கள் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

உயிருக்கு ஆபத்தான வேளையில் ஆண் வைத்தியர் பார்ப்பது ஆகும் என்று மார்க்கம் இடம் கொடுத்திருக்கிறது. அது இன்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த இரவில் அந்த வீட்டு வாசலில் அதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் வெட்கம் விட்டிருக்குமா என்பது வேறு கேள்வி. பெண் வைத்தியர் ஒருவர் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திராது.

ஐடா அமெரிக்கா திரும்பி வைத்தியம் படித்தார். கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899 இல் பட்டம் பெற்றார். 1900 இல் வேலூருக்கு வந்தபோது அவரிடம் பத்தாயிரம் டொலர் இருந்தது. ஷெல் என்ற வங்கியாளர் இறந்துபோன தன் மனைவி மேரியின் நினைவாகக் கொடுத்த காசு அது. அதில் 1902 இல் பெண்களுக்கான ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1909 இல் தாதியர் பயிற்சி தொடங்கியது. 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பெண்கள் வரமாட்டார்கள் என்று பலர் எண்ணியிருக்க, முதல் ஆண்டிலேயே 151 விண்ணப்பங்கள் வந்தன. பெரும்பாலோரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

அடுத்து நடந்தது எங்கள் சங்கம் போன்றவை மனத்தில் வைக்க வேண்டியது. வேலூர் உள்ளிட்ட ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்கு நிதி தேடிய லூசி பீபடி என்ற அம்மையாரிடம் ரொக்பெலர் நிதியத்தார் ஒரு நிபந்தனை வைத்தார்கள். நீங்கள் இருபது இலட்சம் டொலர் சேர்த்தால் நாங்கள் பத்து இலட்சம் தருகிறோம். 1920 களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து அந்தத் தொகையை எட்டினார்கள். தனவந்தரின் காசு கடைசியில் வந்தது. அதற்கு முன்னால் வந்தது பெண்களின் சில்லறை.

இன்றும் வேலூருக்காக இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நண்பர் அமைப்புகள் இயங்குகின்றன. நத்தார் காலத்து அட்டைகளும் அவர்களுடைய பணியில் ஒன்று. அட்டையை அனுப்புகிறவர் தன் சிநேகிதிக்கு வாழ்த்தும் சொல்கிறார், முன்பின் தெரியாத ஒரு மாணவியின் படிப்புக்கும் கைகொடுக்கிறார். வேலூர் மாணவர்களின் படிப்பு ஆஸ்பத்திரிக் கட்டடத்தோடு நிற்பதில்லை. ஐடா காலத்தில் வீதியோரம் வண்டியை நிறுத்தி நோயாளரைப் பார்த்தார்கள். அதே வழியில், சுற்றியுள்ள கிராமங்களுக்கெனச் சமூக சுகாதாரப் பிரிவு இயங்குகிறது. 1977 இல் கே.வி.குப்பம் பகுதியில் கிராமிய சுகாதாரத் திட்டமும் தொடங்கியது.

எங்கள் நாட்டில்

இலங்கையில் மருத்துவக் கல்லூரி 1870 இல் தொடங்கியது. பெண்கள் அதற்குள் காலடி வைத்தது 1892 இல். 1898 இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் ஆஸ்பத்திரி வந்தது. கிழக்குக் கரையிலோ மருத்துவிச்சிதான் எல்லாம். கைராசியும் துஆவும் துணை.

காசு சேர்ப்பதில் எங்கள் நாட்டுக்கும் ஒரு கதை உண்டு. ஒவ்வொரு நவம்பர் 11 ஆம் திகதியும் பொப்பிப் பூ விற்கப்பட்டது. அந்தக் காசில் பெரும்பங்கு பிரித்தானியப் படைவீரருக்குப் போயிற்று. அதற்குப் பதிலாக 1931 இல் சூரிய மல் விற்பனை தொடங்கியது. சூரிய மல் என்பது வேறொன்றுமல்ல, எங்கள் வேலியோரத்துப் பூவரசம்பூ. பெண்கள் பாடசாலை அதிபராக இருந்த டொரீன் யங் அந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். அவரே பின்னர் டொரீன் விக்கிரமசிங்க என அறியப்பட்டவர். 1934-35 இல் மலேரியா நாட்டை வாட்டியபோது, பூ விற்ற இளைஞரும் யுவதிகளும் மருந்தும் உணவும் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். கடதாசிப் பூ செய்தவர்களின் கையே நோயாளிக்குக் கஞ்சியும் கொடுத்தது.

அந்த 1930 களில் இலங்கையில் ஓர் இலட்சம் பிரசவத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை முப்பதைச் சுற்றி நிற்கிறது. உலகமே பாராட்டும் மாற்றம் இது. மலேரியா ஒழிந்த நாடு என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இவற்றை அட்டைக் காசு செய்யவில்லை. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு வீடாகப் போன மருத்துவ மாதரும், இலவச வைத்தியமும், 1945 இல் வந்த இலவசக் கல்வியும் செய்தன. இதை நாங்கள் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சங்கங்கள் சில வேளை தங்கள் பங்கைப் பெரிதாக்கிப் பேசும்.

அப்படியானால் எங்கள் கொப்பியின் பெறுமதி என்ன? இலவசக் கல்வி வகுப்பறைக் கதவைத் திறந்தது. கல்முனையிலிருந்து அந்தக் கதவு வரை போகும் பஸ்ஸுக்குக் காசு வேண்டும். விடுதியில் பாய், தலையணை, ஒரு நல்ல உடுப்பு வேண்டும். மகளைத் தூர ஊருக்கு அனுப்பத் தயங்கும் வாப்பாவுக்கு, ஊர்ப் பெண்கள் அவள் பின்னால் நிற்கிறார்கள் என்ற நம்பிக்கை வேண்டும். அந்தக் காசும் நம்பிக்கையும் அட்டையில் வந்தன. தொகை சிறிது. ஆனால் தன் கையில் வேறு காசில்லாத பெண், வீட்டில் ஒருவரிடமும் கேட்காமல் கொடுக்கக்கூடிய தொகை அது.

அட்டை நின்ற ஆண்டுகள்

எழுபதுகளின் கடைசியில் நோன்பு இருபதைத் தாண்டியதும் கல்முனைக் கடைவீதியில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். மக்கா, மதீனாப் படங்கள், ரோசாப்பூ, வெளிநாட்டுக் குழந்தைகள். நாங்கள் அவற்றுக்குப் போட்டியாக எங்கள் துணி அட்டைகளைக் கொண்டுபோனோம். முஸ்லிம் பிள்ளைகள் நத்தார் அட்டை ஒட்டினார்கள். தமிழ்ப் பிள்ளைகள் பிறை வெட்டினார்கள். பிறையின் கொம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை பிடித்ததும் உண்டு. அட்டை விற்பதென்றால் ஒருவர் தெருவுக்குள் மற்றவர் போகவேண்டும். போனோம். உட்கார வைத்துத் தேத்தண்ணி தந்தார்கள்.

கொப்பியில் எண்பதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு வரவு குறைகிறது. 1990 க்கு ஒரு வரிகூட இல்லை. அந்த ஆண்டில் எங்கள் கரையில் நடந்தவற்றை இந்த மலரில் விரித்தெழுத வேண்டியதில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். ஒருவர் தெருவுக்குள் மற்றவர் போகாத காலம் வந்தது. வாங்க ஆளிருந்தும், கொண்டுபோக வழியில்லாமல் அட்டை நின்றது. தகரத்துக்குள் மிஞ்சியவை அந்த ஆண்டுக்காகச் செய்தவை என்றே நினைக்கிறோம்.

2004 டிசம்பர் 26 நத்தாருக்கு அடுத்த நாள். அன்று கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று அலை ஊர் பார்க்கவில்லை. அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் நின்ற வைத்தியரும் தாதியரும் தங்கள் வீட்டில் யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரியாமலே காயம் கட்டினார்கள். யாருடைய கை என்று யாரும் கேட்கவில்லை. பிரிந்திருந்த பழைய மாணவிகள் பலர் மறுபடி ஒருவரையொருவர் தேடிப் போனதும் அந்த மாதத்தில்தான். ஆனால் அட்டை மட்டும் திரும்ப வரவில்லை. அதற்குள் கைத்தொலைபேசி வந்துவிட்டது.

இனி

இப்போது பெருநாள் காலையில் நூறு வாழ்த்துகள் கைத்தொலைபேசிக்கு வருகின்றன. காசு செலவில்லை. அதனால் யாருக்கும் காசு போவதுமில்லை.

பல்கலைக்கழக அனுமதியில் எங்கள் மாவட்டம் இன்னும் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகவே கணிக்கப்படுகிறது. மட்டக்களப்பிலேயே மருத்துவம் படிக்கலாம் என்ற வசதி வந்துவிட்டது. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. இரண்டிலும் எங்கள் மாணவிகள் வேலை செய்கிறார்கள். ஆயினும் மகாபொல உதவி கைக்கு வரும்வரை முதல் சில மாதங்களை ஓட்ட முடியாமல் தவிக்கும் பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். தாதியர் பயிற்சியை நடுவில் விட்டுவந்த பிள்ளையையும் தெரியும். நீரிழிவும் சிறுநீரக நோயும் பெருகும் வீடுகளில், பெண்ணோடு பெண்ணாக உட்கார்ந்து பேச ஆள் வேண்டியிருக்கிறது.

ஆகவே நூற்றாண்டு ஆண்டில் அட்டையை மீண்டும் தொடங்குவது என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. பழைய முறையே: மருதமுனைத் துணி, மாணவிகளின் கை, நான்கு பண்டிகைகள். இரண்டு விதிகளை மட்டும் சேர்த்திருக்கிறோம். கடைகளில் விற்கும் தர்ம அட்டைகளில் தர்மத்துக்குப் போவது மிகச் சிறு பங்கு என்று இங்கிலாந்தில் பலமுறை குறை எழுந்ததுண்டு. அதனால் எங்கள் அட்டை ஒவ்வொன்றின் பின்புறத்திலும் செய்கூலி எவ்வளவு, பிள்ளைக்குப் போவது எவ்வளவு என்று அச்சிடப்படும். ஆண்டுக் கூட்டத்தில் வரவும் செலவும் வாசிக்கப்படும். உதவி பெற்றவரின் பெயர் மட்டும் முன்போலவே எழுதப்படாது.

லண்டனிலும் டொரொன்டோவிலும் டோஹாவிலும் மெல்பேணிலும் இருக்கும் சகோதரிகளே, பெரிய காசோலை ஒன்றை அனுப்பிவிட்டால் இலேசுதானே என்று நீங்கள் கேட்கலாம். அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டோம். ஆனால் பத்து அட்டையும் வாங்குங்கள். வாங்கி, ஒன்றையாவது பள்ளியில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்த, மறு தெருவைச் சேர்ந்த சிநேகிதிக்கு உங்கள் கையெழுத்தில் எழுதி அனுப்புங்கள். முகவரி தெரியாவிட்டால் எங்களிடம் கேளுங்கள், தேடித் தருகிறோம்.

திண்டிவனத்தில் அன்றிரவு இறந்த மூன்று பெண்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரே இரவில் இறந்த அவர்கள் வெவ்வேறு வீட்டுப் பெண்கள். ஒருவரை ஒருவர் அறிந்திருக்கவும் மாட்டார்கள். அந்த மூவருக்கும் ஒரே வைத்தியர்தான் தேவைப்பட்டார். எங்கள் கொப்பியிலும் பெயர்கள் இல்லை. அடுத்த பக்கத்தைத் திறந்து கோடு போட்டு வைத்திருக்கிறோம்.